மூன்று நீதிபதிகள், ஒரு கர்தினால், ஒரு முதல்வர்: கியூபெக்கின் தாஷ்ரோ குடும்பம்

1877 பிப்ரவரியில் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. நீதிமன்றமே தொடங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. கியூபெக் மாகாணத்தின் ஷார்லவா தொகுதியில் முந்தைய ஆண்டு கன்சர்வேட்டிவ் கட்சியின் எக்தோர் லான்ஜ்வான் ஜெயித்திருந்தார். பங்குச் சாமியார்கள் பிரசங்க மேடையில் நின்றுகொண்டு, லிபரல் கட்சிக்கு வாக்களிப்பது பாவம் என்று மக்களைப் பயமுறுத்தினார்கள் என்பது தோற்ற தரப்பின் புகார். கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மதகுரு மேடையிலிருந்து வாக்காளரை மிரட்டினாலும் அது தேர்தல் சட்டம் தடுக்கும் தகாத செல்வாக்குதான் என்று தீர்ப்பெழுதிய முக்கிய நீதிபதி ழான்-தொமா தாஷ்ரோ. அப்போது கியூபெக்கின் பேராயராக இருந்தவர் எல்ஸேயார்-அலெக்சாந்தர் தாஷ்ரோ. நீதிபதியின் சொந்தத் தம்பி.

எதிர்ப்பக்கமும் அண்ணன் தம்பி சங்கதிதான். பதவியை இழந்த லான்ஜ்வானின் அண்ணன் ழான் லான்ஜ்வான், ரிமூஸ்கி மறைமாவட்டத்தின் ஆயர். லிபரல்களை அடியோடு வெறுத்தவர். ஆக, திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான எல்லை எது என்ற பெரிய கேள்வியை இரண்டு வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் விவாதித்துத் தீர்த்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது, இன்று படித்தால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கியூபெக் அந்த அளவுக்குச் சின்ன உலகம். அதன் மேல்தட்டில் ஒரே குடும்பத்துப் பெயர்கள் நீதிமன்றம், சட்டமன்றம், மறைமாவட்டம் என்று எல்லா இடத்திலும் வரும். அதில் மிக நீளமாக ஓடிய பெயர் தாஷ்ரோ. கனடா உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள், அவர்களில் இருவர் தலைமை நீதிபதிகள். கனடாவின் முதல் கர்தினால். கிட்டத்தட்ட பதினாறு வருடம் ஆண்ட ஒரு மாகாண முதல்வர். 1875 முதல் 1967 வரையான 92 ஆண்டுகளில் சுமார் 58 ஆண்டுகள் உச்ச நீதிமன்ற நாற்காலி ஒன்றில் ஒரு தாஷ்ரோ உட்கார்ந்திருந்தார்.

இதற்கு வம்சத்து மூளை, ரத்தத்தில் ஓடும் சட்ட அறிவு என்றெல்லாம் காரணம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் குடும்பம் எந்தக் கட்சியோடும் எந்த அரசனோடும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளவில்லை. பதவி என்ற அமைப்போடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு மன்னர் போனார், இங்கிலாந்து மன்னர் வந்தார், பிறகு கூட்டாட்சி வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நீதிபதி நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது; அதன் பக்கத்திலேயே இவர்களும் இருந்தார்கள்.

தொடக்கம் 1726. பிரான்சின் தூர் நகரத்தில் பிறந்த தொமா-ழாக் தாஷ்ரோ, கியூபெக்கில் மன்னரின் நிர்வாக அதிகாரியாக நியமிக்கப்பட்ட துப்புயியின் அந்தரங்கச் செயலாளராக வந்து சேர்ந்தார். 1730-களில் காலனியின் உயர்சபை உறுப்பினர் ஆனார். 1736-இல் கியூபெக் நகருக்குத் தெற்கே ஷோதியேர் ஆற்றங்கரையில், போஸ் என்ற பகுதியில், ஒரு பெரிய நிலப்பரப்பு அவருக்கு மானியமாகக் கிடைத்தது. சேன்யூரி என்பார்கள், நம் ஊர் ஜமீனோடு ஒப்பிட்டால் பாதி புரிந்துவிடும். குடியானவர்கள் வரி கட்டுவார்கள், சேன்யருக்கு மாவு ஆலை நடத்தும் உரிமை உண்டு, ஊர்க்கோயிலில் முதல் இருக்கை உண்டு. சென்ட்-மரி என்ற ஊர் அப்படி உருவானது. இன்று கனடாக்காரர்களிடம் சென்ட்-மரி என்றால் வஷோன் கம்பெனியின் கேக்குகள்தான் ஞாபகம் வரும். தாஷ்ரோக்களை யாருக்கும் தெரியாது. அது போகட்டும்.

இந்தக் குடும்பத்தை நிலம் நிமிர்த்தியது என்றால், தாங்கிப் பிடித்தது சட்டம். அதன் காரணம் 1760-களில் இருக்கிறது. பிரிட்டன் கியூபெக்கைப் பிடித்த பிறகு ஏற்றுமதி, கப்பல், பின்னால் வங்கி என்று பணம் புரளும் தொழில்கள் பெரும்பாலும் ஆங்கிலேய, ஸ்காட்டிய வணிகர்கள் கைக்குப் போயின. படித்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பையனுக்கு மிச்சமிருந்த வழிகள் நான்கு: பாதிரியார், மருத்துவர், நோட்டரி, வழக்கறிஞர். 1774-இல் லண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கியூபெக் சட்டம் இதில் ஒரு பெரிய திருப்பம். சொத்து, வாரிசுரிமை, ஒப்பந்தம் ஆகியவற்றுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டமே தொடரும், குற்றவியலுக்கு மட்டும் ஆங்கிலச் சட்டம் என்றது அது. கத்தோலிக்கர்கள் மதத்தைத் துறக்காமலே அரசுப் பதவி ஏற்கவும் வழி திறந்தது. பாரிஸ் நகரத்து வழக்காற்றுச் சட்டத்தை லண்டனிலிருந்து வந்த எந்த வக்கீலும் படித்தவன் இல்லை. பணம் இல்லாவிட்டாலும் அந்த அறிவே பிரெஞ்சுக்காரர்களுக்கு முதலானது.

தொமா-ழாக்கின் மகன் கப்ரியேல்-எல்ஸேயார் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். சின்ன வயதில் 1759-இல் பிரிட்டிஷ் படைக்கு எதிராகக் கியூபெக் நகரைக் காக்க நின்றார். 1775-இல் அமெரிக்கப் புரட்சிப் படை படையெடுத்து வந்தபோது அதே பிரிட்டனின் பக்கம் நின்றார். அவருடைய சொந்தக் குடியானவர்களில் பலர் அமெரிக்கர்களுக்கு ஆதரவாக இருந்தார்கள். அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் படை அவர் பண்ணை வழியாகத்தான் இறங்கி வந்தது. அவருடைய மாளிகை சூறையாடப்பட்டது. அடுத்த வருடம், எந்தெந்த ஊர் மன்னருக்கு விசுவாசமாக இருந்தது என்று கிராமம் கிராமமாக விசாரிக்க அனுப்பப்பட்ட மூவர் குழுவில் அவரும் ஒருவர். 1777-இல் நீதிபதி. 1792-இல் கீழ்க் கனடாவின் (கியூபெக்குக்கு அன்று அதுதான் பெயர்) முதல் சட்டமன்றத்தில் உறுப்பினர். விசுவாசத்துக்கு அரசு கொடுத்த கூலி என்று இதைச் சொல்லலாம். அவர் கேட்டு வாங்கிய கூலி என்றும் சொல்லலாம்.

அவர் மகன் முதலாம் ழான்-தொமா (அந்தப் பெயரில் குடும்பத்தில் இருவர் வருவார்கள், குழம்ப வேண்டாம்) எதிர்த்திசையில் தொடங்கினார். வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், 1806-இல் பியேர் பெதார் முதலியோருடன் சேர்ந்து ‘லெ கனடியென்’ பத்திரிகையைத் தொடங்கியவர். ஆளுநரையும் ஆங்கிலேய வணிகர்களையும் பிரெஞ்சில் விளாசிய பத்திரிகை அது. 1810 மார்ச்சில் ஆளுநர் கிரெய்க்குக்குப் பொறுமை போனது. படைவீரர்கள் அச்சகத்தைக் கைப்பற்றினார்கள். துரோகச் செயல்கள் என்ற பெயரில் பெதார், பிளான்ஷே, தாஷ்ரோ மூவரையும் சிறையில் போட்டார்கள். வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கிரெய்க் போய் வேறு ஆளுநர் வந்ததும் பெதாரை நீதிபதி ஆக்கினார்கள். தாஷ்ரோவும் 1827-இல் நீதிபதி ஆனார். கலகக்காரனை உள்ளே தள்ளிப் பார்த்து, முடியாவிட்டால் நாற்காலி கொடுத்து உட்கார வைப்பது காலனியாதிக்கத்தின் பழைய வழி. ஆனால் அந்த நாற்காலிக்குத் தகுதியான சட்டப் படிப்பு இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவருடைய திருமணம் தனிக் கதை. மனைவி மரி பனே, கீழ்க் கனடா சட்டமன்றத்தின் முதல் சபாநாயகர் ழான்-ஆந்துவான் பனேயின் மகள். சபாநாயகரின் தம்பி பின்னாளில் கியூபெக்கின் பேராயர் ஆனார். இந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த நீதிபதியும் பேராயரும். நீதிமன்றமும் மறைமாவட்டமும் அவர்களுக்குத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வீட்டுச் சமாச்சாரம்.

இந்த இரண்டு சகோதரர்களையும் எதிரிகளாகக் காட்டுவது சுலபம், ஆனால் சரியில்லை. 1875-இல் கியூபெக் ஆயர்கள் எல்லோரும் கூட்டாக, கத்தோலிக்க லிபரலிசம் ஆபத்து என்று சுற்றுமடல் விட்டார்கள். அதைப் பங்குச் சாமியார்கள் லிபரல் கட்சிக்கு எதிரான உத்தரவாகவே படித்தார்கள். பேராயர் தாஷ்ரோ 1876 மே மாதம் தனியாக இன்னொரு மடல் எழுதி, கட்சிப் பெயர் எதையும் சுட்டாமல் பழையதன் காரத்தைக் குறைத்தார். சக ஆயர்கள் கொதித்தார்கள், ரோமுக்குப் புகார் போனது. 1877-இல் ரோம் விசாரிக்க ஆளும் அனுப்பியது. அதே கோடையில் வில்ஃப்ரிட் லோரியே கியூபெக் நகரில் பேசிய பேச்சு, லிபரலாகவும் நல்ல கத்தோலிக்கராகவும் இருக்கலாம் என்று வாதாடியது. அவரை நாட்டின் பிரதமர் பதவி வரை கொண்டுபோன பாதையில் முக்கியமான படி அது. அண்ணன் நீதிமன்றத்தில் வரைந்த கோட்டை, தம்பி தேவாலயத்துக்குள் மென்மையாக வரைந்துகொண்டிருந்தார் என்றுதான் நான் படிக்கிறேன். இரண்டு பேருக்குமே சத்தம் பிடிக்காது.

பேராயர் புரட்சிக்காரர் அல்ல என்பதற்கும் ஆதாரம் உண்டு. நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற தொழிலாளர் அமைப்பை அவர் கண்டித்துத் தடை செய்தார். அமெரிக்க ஆயர்கள் ரோமில் வாதாடிய பிறகே அது தளர்ந்தது. 1847-இல் இளம் பாதிரியாராக குரோஸ் தீவில் டைஃபஸ் பிடித்துச் செத்துக்கொண்டிருந்த ஐரிஷ் அகதிகளிடம் தானாகப் போய்ச் சேவை செய்து, நோயும் வாங்கி வந்தவர் என்பதும் அதே மனிதரைப் பற்றிய உண்மைதான். 1886-இல் கர்தினால் ஆனார்.

1878 செப்டம்பரில் கனடாவின் பிரதமர் மெக்கன்ஸியின் லிபரல் அரசு தேர்தலில் தோற்றது. பதவி விலகுவதற்கு முந்தைய சில நாட்களில், நீதிபதி ழான்-தொமா ஓய்வு பெற, அந்த இடத்துக்கு வந்தவர் ஆன்ரி-எல்ஸேயார் தாஷ்ரோ. ஓய்வு பெற்றவருடைய பெரியப்பாவின் பேரன். இவர் பழைய கன்சர்வேட்டிவ் ஆள். நியமித்ததோ லிபரல் அரசு. அதே ஆண்டு ழான்-தொமாவின் மகன் ஆன்ரி-தொமா, லிபரல் நாடாளுமன்ற உறுப்பினர், மாகாண உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒரே பருவத்தில் இரண்டு தாஷ்ரோ.

கண்ணை உறுத்துகிறது அல்லவா? உறுத்த வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உச்ச நீதிமன்றச் சட்டம் ஆறு நீதிபதிகளில் இருவர் கியூபெக்கிலிருந்து வர வேண்டும் என்றது, அங்கே சிவில் சட்டம் வேறு என்பதால். பிரெஞ்சுச் சிவில் சட்டம், ஆங்கிலக் குற்றவியல் சட்டம், இரண்டு மொழி, ஓரளவு அரசியல் அனுபவம், ஒட்டாவாவில் குடியேறச் சம்மதம். இத்தனையும் உள்ளவர்கள் அன்று மிகக் குறைவு. அவர்கள் எல்லோரும் ஒரே சில உயர்தரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்து, ஒருவர் தங்கையை இன்னொருவர் மணந்தவர்கள். பொறுக்கும் கூடை சின்னது. அதில் தாஷ்ரோக்கள் நிறைய.

ஆன்ரி-எல்ஸேயார் உண்மையிலேயே கெட்டிக்காரர். கனடாவின் குற்றவியல் சட்டத்துக்கு அவர் எழுதிய விளக்க உரையை வழக்கறிஞர்கள் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். 1902-இல் முதல் பிரெஞ்சு-கனடியத் தலைமை நீதிபதி ஆனார். 1904-இல் லண்டன் பிரிவி கவுன்சில் உறுப்பினர். சென்னையிலும் கொழும்பிலும் போட்ட வழக்குகள் கடைசியாகப் போய் முடிந்த அதே பிரிவி கவுன்சில்தான் கனடாவுக்கும் அன்று கடைசிப் படி. அவருக்கு அடுத்த தலைமை நீதிபதி சார்ல்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக். கடைசியில் வேறு குடும்பம் என்று மூச்சு விட வேண்டாம்: ஃபிட்ஸ்பாட்ரிக்கின் மனைவியும், ழான்-தொமா நீதிபதியின் இரண்டாவது மனைவியும், கியூபெக்கின் துணைநிலை ஆளுநர் கரோனின் மகள்கள்.

அந்த இரண்டாவது திருமணத்தில் 1867-இல் பிறந்தவர் லூயி-அலெக்சாந்தர் தாஷ்ரோ. சித்தப்பா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் அலுவலகத்தில் வக்கீல் தொழில் கற்றார். 1900-இல் மாகாணச் சட்டமன்றம், 1907-இல் முதல்வர் லொமேர் குவானின் அமைச்சரவை, 1920-இல் குவான் விலகியதும் முதல்வர். நல்லதும் செய்தார். மற்ற மாகாணங்களும் அமெரிக்காவும் மதுவிலக்கில் தடுமாறியபோது 1921-இல் அரசு மதுபான ஆணையம் ஒன்றைத் தொடங்கி, விற்பனையை அரசின் கையில் எடுத்தார். அதே ஆண்டு வந்த பொது உதவிச் சட்டம், ஏழைகளைப் பராமரிக்கும் மருத்துவமனைகளுக்கு அரசுப் பணம் தந்தது. ஆயர்கள் அதை எதிர்த்தார்கள் என்பது கர்தினாலின் அண்ணன் மகனுக்கு விசித்திரமான நிலைமைதான். அமெரிக்க முதலீட்டை அள்ளி அள்ளி அழைத்தார். காகித ஆலைகளும் மின் நிலையங்களும் எழுந்தன. கியூபெக்காரர்கள் பிழைப்புக்காக அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பஞ்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆட்கள் போவதைவிட டாலர் வருவது மேல் என்பது அவர் வாதம்.

ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை என்றால் கடைசிவரை முடியாது என்றார். 1922-இல் இன்னொன்றும் செய்தார். ஓர் இளம்பெண் கொலை வழக்கில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் மீது சந்தேகம் இருக்கிறது என்று எழுதினார், மொன்றியலில் ‘தி ஆக்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை நடத்திய ஜான் ராபர்ட்ஸ். அவரைச் சட்டமன்றத்தில் நிறுத்தி, பெயர் சொல்ல மறுத்ததும், அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் போட்டு ஒரு வருடம் சிறைக்கு அனுப்பினார்கள். தாத்தா பத்திரிகை நடத்தியதற்காகச் சிறை போனவர் என்பது முதல்வருக்கு நினைவுக்கு வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

1931 தேர்தலில் 90 இடங்களில் 79 இவருக்கு. 1935-இல் எதிரணிக்கு 42. இடையில் பெருமந்தம். அதைவிட முக்கியமாக, சொந்தக் கட்சியின் இளைஞர்கள் பிரிந்தார்கள். தலைமை தாங்கியவர் போல் குவான்: தாஷ்ரோவின் முன்னாள் தலைவர் லொமேர் குவானின் மகன், தாய்வழியில் முன்னாள் முதல்வர் ஒனோரே மெர்சியேயின் பேரன். எதிரணியின் இன்னொரு தலைவர் மொரிஸ் துப்ளெசி, கூர்மையான வக்கீல். 1936-இல் பொதுக் கணக்குக் குழுவில் துப்ளெசி சாட்சிகளை ஒவ்வொருவராகக் குடைந்தார். முதல்வரின் சகோதரர் ஆந்துவான் தாஷ்ரோ சட்டமன்றத்தின் கணக்கர். அரசுப் பணத்தைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு, வட்டியை எடுத்துக்கொண்டது வெளியே வந்தது. சின்னத் தொகைதான். ஆனால் இருநூறு ஆண்டுகளாக இந்தக் குடும்பம் பதவியைத் தனக்கு மேலே வைத்திருந்ததாகக் காட்டிக்கொண்டது. அந்தத் தோற்றம் ஒரு பாஸ்புக்கில் கிழிந்தது. ஜூன் 11-ஆம் தேதி லூயி-அலெக்சாந்தர் பதவி விலகினார். ஆகஸ்டில் துப்ளெசி 76 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார்.

விலகிய முதல்வரின் மகன் ரொபேர் தாஷ்ரோவும் அப்போது சட்டமன்ற உறுப்பினர். அதே ஆண்டோடு அரசியலை விட்டார். 1940-இல், 43 வயதில், உச்ச நீதிமன்றம். 1946-இல் சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் குஸென்கோ கொண்டுவந்த ஆவணங்களை வைத்து உளவாளிகளை விசாரித்த ஆணையத்தில் நீதிபதி கெல்லக்குடன் இவரும் இருந்தார். சந்தேக நபர்களை வக்கீல் இல்லாமல் வாரக்கணக்கில் தனிமையில் வைத்து விசாரித்த ஆணையம் அது. சட்ட மாணவர்கள் இன்றும் அதை மோசமான முன்னுதாரணமாகப் படிக்கிறார்கள்.

பிறகு துப்ளெசி வழக்குகள் வந்தன. கம்யூனிசம் பரப்பும் வீட்டைப் பூட்டி முத்திரை வைக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1937-ஆம் ஆண்டுப் பூட்டுச் சட்டம் துப்ளெசி கொண்டுவந்தது. கம்யூனிசம் என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கம்கூடக் கிடையாது. 1957-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. அந்த ஒன்று, ரொபேர் தாஷ்ரோ. இரண்டு வருடம் கழித்து ரொன்கரெல்லி வழக்கு. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சுமார் 380 பேருக்குப் பிணை நின்ற மொன்றியல் உணவகக்காரரின் மதுபான உரிமத்தை, துப்ளெசி சொன்னதன் பேரில் மதுபான ஆணையம் ரத்து செய்தது. அப்பா தொடங்கிய அதே ஆணையம். நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று துப்ளெசியை நஷ்டஈடு கட்டச் சொன்னது. மூன்று பேரில் ஒருவர் தாஷ்ரோ: வழக்குப் போடும் முன் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் தரவில்லை, ஆகவே வழக்கே நிற்காது என்றார். இன்னொருவர் ஜெரால்ட் ஃபோத்தோ. மெர்சியேயின் பேரன், போல் குவானின் சித்தி மகன்.

அப்பாவை வீழ்த்தியவனுக்கு மகன் தீர்ப்பில் கணக்குத் தீர்ப்பான் என்று எதிர்பார்த்தால் இங்கே ஏமாற்றம்தான். ரொபேரின் நேர்மைக்குச் சான்றாக இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அரசு, ஒழுங்கு, நடைமுறை ஆகியவற்றில் இருந்த பரம்பரை நம்பிக்கை, குடும்பப் பகையைவிட ஆழமாக இருந்தது. தனிமனிதனின் சுதந்திரத்துக்கு அதில் எப்போதும் கடைசி இடம். 1877-இல் அதே நம்பிக்கை வாக்காளரைச் சாமியாரிடமிருந்து காப்பாற்றியது. 1957-இல் முதல்வரிடமிருந்து குடிமகனைக் காப்பாற்ற மறுத்தது.

ரொபேர் 1963-இல் தலைமை நீதிபதி. 1967 மார்ச்சில் கவர்னர் ஜெனரல் வானியே இறந்தபோது, புதியவர் வரும்வரை நாட்டின் நிர்வாகியாக ஆறு வாரம் இருந்தார். அந்த ஆண்டே ஓய்வு. அவரோடு வரிசை நின்றது. பழைய கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பதிலாக அதே 1967-இல் இலவச அரசுக் கல்லூரிகள் வந்தன. மொன்றியலின் தொழிலாளி மகனும் சட்டம் படிக்க முடிந்தது. 1987-இல் கியூபெக்கிலிருந்து முதல் பெண்ணாக கிளேர் லெரோ-துபே உச்ச நீதிமன்றம் போனார். கூடை பெரிதானது.

முழுக்க மாறிவிட்டதா என்றால் இல்லை. 2017 டிசம்பரில் தலைமை நீதிபதியான ரிச்சர்ட் வாக்னர் மொன்றியல்காரர். அவர் அப்பா க்ளோத் வாக்னர் கியூபெக்கின் நீதி அமைச்சர், பிறகு நீதிபதி, பிறகு கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டு 1976-இல் ஜோ கிளார்க்கிடம் தோற்றவர், பிறகு செனட்டர். க்ளோத் வாக்னரின் அப்பா இசைக்கலைஞர். சேன்யூரி ஏதும் இல்லை. 2021 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் ஜூலி பயெத் பதவி விலகியபோது, ஜூலை வரை நாட்டின் நிர்வாகியாக இருந்தவர் இதே ரிச்சர்ட் வாக்னர்.